நீலச் சுழி

கோடாரியைத் திருப்பிப் பிடித்து அதன் பின்தலையால் ஒரு தட்டுத் தட்டினார் சென்னப்பன். டொக். கெட்டியான சத்தம், உள்ளே பொந்து கிந்து ஒன்றுமில்லை. குனிந்து, வேர் கிளம்புகிற இடத்தில் இன்னொன்று. அங்கேயும் டொக். பொந்து விழுந்த மரமாயிருந்தால் தொம்மென்று வயிற்றிலிருந்து பேசும், அந்தத் தொம்மைக் கேட்பதற்குத்தான் மில்லில் அவருக்குச் சம்பளம். நிற்கிற மரத்தைப் பார்த்தே இதில் இத்தனை கன அடி பலகை தேறும், இத்தனை கழிவில் போகும் என்று சொல்லவேண்டும். அவர் சொல்வதை நம்பித்தான் முதலாளி எஸ்டேட்காரரிடம் வாயைத் திறப்பார். ஏற்காட்டு மலைச்சரிவு முழுக்கக் காப்பி, காப்பிக்கு நிழலாக சில்வர் ஓக், அந்த ஓக்கைக் கட்டிக்கொண்டு மிளகுக்கொடி. முற்றின ஓக்கை வரிசை வரிசையாக வெட்டி விற்றுவிட்டு இளசை வைப்பார்கள். "சுத்து என்ன லூர்து?" என்றார். லூர்துசாமி எஸ்டேட் வாட்ச்மேன், டேப்பின் மறுமுனையைப் பிடிப்பதற்காக ஆபீஸில் அனுப்பியிருந்தார்கள். "அஞ்சே முக்கால் அடிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தன் கடைவாய்ப் பல் கதையைத் தொடர்ந்தார் லூர்து. டாக்டர் பல்லைத் தட்டிப் பார்த்துத்தான் சொன்னாராம், உள்ளே சொத்தை வேர்வரைக்கும் போய்விட்டதென்று. "உங்களையாட்டமேதாங்கண்ணா, டொக்கு டொக்குன்னு தட்டினாரு." சிரிப்பு வந்தது, ஆனால் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததால் சிரிக்கவில்லை. பத்தடிக் குச்சியை மரத்தின் அடியில் சாத்திவைத்து, தள்ளி வந்து நின்று, அதே குச்சியைக் கண்ணாலேயே ஒன்றன்மேல் ஒன்றாக மேலே அடுக்கிக்கொண்டு போனார். நாலாவது குச்சிக்குமேல் மரம் கவையாகப் பிரிந்தது. கவை வரைக்கும்தான் பலகை, அதற்குமேல் விறகு. லேசான வளைவு ஒன்று, வடக்குப் பக்கம். பிசின் ஒழுகினதற்கான கறுப்பு, அது மேலோட்டம்தான். தேறும். பிரஷ்ஷை நீலப் பெயிண்டில் முக்கி அடிமரத்தில் ஒரு சுழி போட்டார். சுழி போட்ட மரம் மில்லுக்குப் போகும், போடாதது போகாது. அவ்வளவுதான் அவர் வேலை.

ஆனால் வேலை காட்டோடு நின்றால்தானே. பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் இவனுக்கு இடுப்புக்குமேல் முறுக்கு என்று தோன்றும். கல்யாண வீட்டில் பந்தலின் மூங்கில் எந்த இடத்தில் வெடித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். "உங்களுக்குச் சோத்துல கல்லு மட்டுந்தான் தெரியும், சோறு தெரியாது" என்பாள் ஜெயக்கொடி. பெண்டாட்டி சொல்வதில் தப்பில்லை. மகள் கலாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அப்படித்தான் ஆயிற்று. ஆத்தூர்ப் பையனுக்குப் பேச்சில் ஒரு முறுக்கு, நேராக எதையும் சொல்லமாட்டேனென்றான். வாழப்பாடிக்காரன் வீட்டில் அண்ணன் தம்பிக்குள் சொத்து வழக்கு, அது கவை. ஓமலூரில் பார்த்த வாத்தியார் பையன் எல்லாம் சரி, சிரிக்கும்போது மட்டும் கண் சிரிக்கவில்லை, உள்ளே ஏதோ பொந்து என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அந்தப் பொண்ணு என்ன கண்காட்சியா, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காப்பி கொடுத்துக்கொண்டே இருக்க? கலா ஒன்றும் சொல்லமாட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். அந்த மௌனத்தைத்தான் அவர் தட்டிப் பார்க்கவில்லை. "அண்ணா, இந்த மரத்துல கரையான் ஏறியிருக்குங்க" என்றார் லூர்து. மண்புற்று ஒரு முழம் ஏறியிருந்தது. கோடாரி முனையால் சுரண்டினார், பட்டைக்குக் கீழே வெள்ளையாக, ஈரமாக இருந்தது. பட்டையோடு சரி. சுழி போட்டார்.

மாதேஷ் அதே மில்லில்தான் பேண்ட் ரம்பம் ஓட்டுகிறான். இரண்டு பெரிய சக்கரத்தில் வார் மாதிரி சுற்றி ஓடுகிற ரம்பம், எதிரே தண்டவாளத்தில் டிராலி, டிராலிமேல் மரம். ரம்பத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்று மரத்தைத் தள்ளிக் கொடுப்பவன் அவன். நல்ல கைவேலைக்காரன், அதை எந்தக் காலத்திலும் அவர் இல்லை என்று சொன்னதில்லை. பலகை கண்ணாடி மாதிரி வரும். இடது கையில் ஆள்காட்டி விரல் கிடையாது. இங்கே வருவதற்கு முன்னால் வேறெங்கோ, மரத்துக்குள் இருந்த ஆணியில் ரம்பம் பட்டுப் போனது. அவன்தான் ஒருநாள் தன் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு, சாத்துக்குடிப் பையோடு பெண் கேட்டு வீட்டுக்கு வந்து நின்றான். கலா சமையல்கட்டு வாசலில் நின்றாள், அன்றைக்குத் தட்டை எடுக்கவில்லை, நேராக அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு என்ன கோபம்? சாதியா, காசா, மில்லில் எல்லோரும் என்ன சொல்வார்களென்றா, இல்லை தனக்குத் தெரியாமல் தன் வீட்டிலேயே ஒன்று வளர்ந்துவிட்டதே என்றா? எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். வாயில் வந்ததோ இதுதான்: "அடியிலேயே பழுது இருக்கிற மரத்தை நான் எடுக்கறதில்லைங்க." சொன்னதும் அந்தப் பையன் இடது கையை மெதுவாகச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். சட்டைப் பைக்குள். யாராவது நெஞ்சுப் பைக்குள் கையை விடுவார்களா, அது அங்கே போகவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல் முட்டிக்கொண்டு நின்றது. அதுதான் இரண்டு வருஷமாகக் கண்ணிலேயே நிற்கிறது. பிறகு ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் முடிந்தது, ஜெயக்கொடி தெரியாமல் போய்வந்தாள், இப்போது தெரிந்தே போய்வருகிறாள், கறிவேப்பிலைப் பொடி, வடகம் என்று பை நிறைய. மில்லில் அவர் மரக்கிடங்குப் பக்கம் வந்தால் அவன் ரம்பத்துப் பக்கம் போய்விடுவான். சொல்லவேண்டியதைக் கிளார்க் மூலமாகச் சொல்லிக்கொள்வார்கள். அப்படியும் வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பனி விலகிக்கொண்டிருந்தது. இந்த வரிசையில் மிளகுக்கொடி வாடல் நோயில் பட்டுப்போய்விட்டதால் மரமெல்லாம் அம்மணமாக நின்றன. அவருக்கு அது சௌகரியம். கொடி ஏறின மரத்தைப் பார்ப்பது போர்வை போர்த்தினவனுக்கு நாடி பார்ப்பது போலத்தான். கையை நுழைத்துத் தடவவேண்டும், கொடியை இழுத்தால் காய் உதிரும், எஸ்டேட் ஆபீஸில் காச்மூச்சென்று கத்துவார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம், போன வாரம் முடித்த வரிசை அப்படித்தான் இருந்தது. காய் பிடித்திருக்கிறது, கொடியைத் தொடாதீங்க என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். தொடவில்லை. இடைவெளியில் தட்டிப் பார்த்தார், எல்லாம் டொக் டொக்கென்று கல் மாதிரி பேசின, சுழி போட்டுவிட்டு வந்துவிட்டார். அதற்கப்புறம் அவர்களே காயைப் பறித்துக்கொண்டு, கொடியை இறக்கிவிட்டு, மரத்தைச் சாய்த்தாயிற்று, நேற்று லாரியும் இறங்கியாயிற்று. அருமையான சரக்கு, நேராக, வழுவழுவென்று, என்று முதலாளிகூட போனில் சொன்னார். அவர் பாராட்டுவது அபூர்வம். அதை நினைத்துக்கொண்டே அடுத்த மரத்தில் கை வைத்தார். பட்டையில், இடுப்பு உயரத்தில், படுக்கைவாக்கில் ஒரு சுருக்கம் இருந்தது. பல் போனவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி. காயம் ஆறின வடு. காட்டெருமை உரசியிருக்கும். தட்டினார், டொக். பிரஷ்ஷை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. காட்டெருமை படுக்கைவாக்கில் கோடு போட்டதுபோலவா உரசும்?

அடுத்த மரத்துக்குப் போனார். அதே உயரத்தில் அதே சுருக்கம். அதற்கடுத்த மரத்திலும். மரம் நுனியில்தான் வளரும், அடியில் பெருக்கும், ஆனால் உயராது. எத்தனை வருஷமானாலும் இடுப்பில் அடித்தது இடுப்பிலேயே இருக்கும். கோடாரி முனையால் அந்தச் சுருக்கத்தைக் கொத்தி, நெம்பி, பட்டையைப் பெயர்த்தார். துருநிறத்தில் ஒரு கசிவு. இன்னும் உள்ளே கொத்தினார். கிணுங் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. முள்கம்பி. சுண்டுவிரல் நீளத்துக்குத் தெரிந்தது, முடிச்சு உட்பட, மரம் அதை முழுசாக விழுங்கி வாயை மூடிக்கொண்டிருந்தது. "லூர்து, இங்க எப்பவாவது வேலி இருந்துச்சா?" லூர்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடிங்கண்ணா. இது ரெண்டு எஸ்டேட்டா இருந்துச்சாமில்ல? அப்பறம் எங்க மொதலாளி அப்பாரு அந்தப் பக்கத்தையும் வாங்கிட்டாரு. ஏன், வேலி போட்டிருந்தா மரத்துலதான ஆணி அடிச்சிருப்பாங்க, கல்லுக்கால் நட யாருக்குக் காசு?" சென்னப்பன் மரத்தோடு மரமாக முதுகை ஒட்டி நின்று, வரிசையைக் கண்ணால் பிடித்துக்கொண்டே கீழே போனார். இந்த மரம், அந்த மரம், ஓடைக்கரை மரம், ஓடை, ஓடைக்கு அப்பால் புதுசாக வெட்டின வெள்ளை அடிக்கட்டைகள். நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு. அடிக்கட்டையெல்லாம் கணுக்கால் உயரத்தில் அறுத்தது. கம்பி இருப்பது இடுப்பு உயரத்தில். அப்படியானால் அது கட்டையோடு இங்கே தங்கவில்லை, இருப்பதிலேயே நல்ல துண்டான அடித்துண்டோடு கீழே போய்விட்டது. அவர் சுழியோடு போய்விட்டது.

அந்தச் சரிவில் போன் எடுக்காது. மேலே காட்டெருமைப் பாறைக்குப் போனால் எடுக்கும், லூர்து தினமும் தன் மச்சானோடு பேசுவது அங்கிருந்துதான். "டேப்பைச் சுத்தி வையுங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஏறினார். ஓடவில்லை, ஓடினால் மூச்சு வாங்கும், பேச வராது. காப்பிச்செடி முழங்காலில் ஈரத்தைத் தேய்த்தது. என்ன ஆகிவிடப் போகிறது, ஒன்றும் ஆகாது, நேற்றுத்தான் இறங்கின சரக்கு, இன்றைக்கே ஏற்றமாட்டார்கள். ஏன் ஏற்றமாட்டார்கள்? அருமையான சரக்கு என்று முதலாளியே சொன்னாரே, அருமையான சரக்கைத்தான் முதலில் ஏற்றுவார்கள். சரி, ஏற்றினாலும் மில்லில் டிடெக்டர் இருக்கிறது, திருவிழாவில் போலீஸ் வைத்துத் தடவுமே அந்த மாதிரி, மரத்தின்மேல் ஓட்டினால் இரும்பு இருக்கிற இடத்தில் கத்தும். விரலைக் கொடுத்தவன் அதை வைக்காமலா ரம்பத்தில் விடுவான்? வைப்பான். வைத்திருப்பான். பொந்து இருந்தால் மரம் சொல்லிவிடும், கரையான் இருந்தால் சொல்லிவிடும், கம்பியை விழுங்கின மரம் மட்டும் நல்ல மரம் மாதிரியே டொக்கென்று பேசுகிறது, அதற்கு நான் என்ன செய்ய? என்ன செய்யவா, கொடியை விலக்கிப் பார்த்திருக்கவேண்டும். நாலு காய் உதிர்ந்தால் உதிர்ந்துவிட்டுப் போகிறது. எஸ்டேட் ஆபீஸில் கத்துவார்களென்று பயந்தாயே சென்னப்பா, உன் பொண்ணு வாசலில் நின்று கத்தினால் என்ன செய்வாய்? ஒருமுறை அவர் கண்ணெதிரே ரம்பம் அறுந்திருக்கிறது. வெடி மாதிரி ஒரு சத்தம், அப்புறம் சாட்டையைச் சுழற்றின மாதிரி ஒரு மின்னல், தகரக் கூரையில் பல் பல்லாகத் தைத்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு டிராலி பக்கம் நிற்கவேண்டியவன் டீ குடிக்கப் போயிருந்தான். அதனால் எல்லோரும் சிரித்துக்கொண்டே கூரையைப் பார்த்தார்கள், அவரும் சிரித்தார். முகத்தில் தைத்திருந்தால்? கண்ணில்? இருக்கிற விரலில்? அடியிலேயே பழுது. சீ, அந்த வார்த்தையை எதற்கு இப்போது. கால் வழுக்கிற்று, ஒரு செடியைப் பிடித்துக்கொண்டார், கையெல்லாம் நீலம், எப்போது பெயிண்ட் டப்பாவைக் கொட்டிக்கொண்டோம் என்று தெரியவில்லை.

பாறையில் இரண்டு கோடு சிக்னல் வந்தது. முதலாளிக்குப் போட்டார், எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன சொல்வார்? முதலில் எத்தனை மரம் என்று கேட்பார், அப்புறம் எஸ்டேட்காரன் தலையில் கட்டமுடியுமா என்று கேட்பார், அதற்குள் இரண்டு மரம் அறுபட்டிருக்கும். கிளார்க்குக்குப் போட்டார். எடுத்தான். பின்னால் ரம்பம் ஓடுகிற சத்தம், ஈ ஈ என்று இரைந்துகொண்டு. ஓடுகிறது. இன்றைக்கே ஏற்றிவிட்டார்கள். "மெஷினை நிறுத்தச் சொல்லு!" என்று கத்தினார். "என்னங்க? கேக்கலைங்க, ஆபீசுல யாருமில்லைங்க, சாயங்காலம் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டான். மறுபடி போட்டால் எடுக்கவில்லை. ரம்பத்தை நிறுத்தக்கூடியவன் ஒருவன்தான், அவன் நம்பர் அவரிடம் இல்லை. வாங்கிக்கொள்ளாத நம்பர். கலா நம்பரும் போனில் இல்லை, கல்யாணத்தன்றைக்கு ஆத்திரத்தில் அழித்தாயிற்று; ஆனால் விரலுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு எண்ணாக அழுத்தும்போது, இதை மறக்கவேயில்லையே நான் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. நீலக்கறை கண்ணாடியில் அப்பிற்று. மணி அடித்தது. எடுக்கவேண்டுமே, இத்தனை நாள் கழித்து அப்பன் பேரைப் பார்த்துவிட்டு எடுக்கவேண்டுமே. இல்லை, அவளும் பேரை அழித்திருப்பாளோ.

"அப்பா?" என்றாள் கலா. அழிக்கவில்லை. அந்த ஒரு சொல்லிலேயே குரல் பதறியிருந்தது. "அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல அம்மிணி. நல்லாருக்கா. மாதேஷ்..." பேரைச் சொன்னதும் நாக்கு ஒரு நொடி தடுக்கிற்று. "அவருகிட்ட உடனே பேசணும். இப்பவே. மரத்துக்குள்ள கம்பி இருக்கு. நான் பாக்காம விட்டுட்டேன்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை, எப்படி என்று கேட்கவில்லை. "லைன்லயே இருங்கப்பா, கான்பரன்ஸ் போடறேன். நான் கூப்பிட்டா எடுத்துருவாரு" என்றாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது. கலா மறுபடி போட்டாள். அவள் மூச்சு விடுவது காதில் கேட்டது. கீழே சரிவில் லூர்து டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார், பல் வலிக்கிற பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு. இவ்வளவு நிதானமாகவா ஒரு மனுஷன் டேப்பைச் சுற்றுவான். மூன்றாவது தடவை மணி பாதியில் அறுந்து, ரம்பத்தின் இரைச்சல் காதுக்குள் கொட்டியது.

"என்ன கலா? டிராலில மரம் இருக்கு, சீக்கிரம் சொல்லு!"

"அப்பா பேசறாங்க" என்றாள் கலா.

சென்னப்பன் போனை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு கத்தினார். "மாப்ளே! மெஷினை நிறுத்துங்க!"

"மாமா?"

"ஏற்காட்டு ஓக்கு. நேத்து வந்த லோடு. அதை ரம்பத்துல விடாதீங்க, நிறுத்துங்க மொதல்ல!"

"அதுதான் மாமா ஓட்டிட்டு இருக்கேன்." இரைச்சலுக்குமேல் குரல் நிதானமாகத்தான் வந்தது. "நல்ல மரமாச்சே. உங்க சுழி இருக்கே மாமா. உங்க சுழி இருந்தா நான் டிடெக்டர்கூட வைக்கறதில்லையே, எப்பவுமே."

எப்பவுமே. இரண்டு வருஷமாகவா? அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியே போன மறுநாளிலிருந்தா? பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என் சுழி இருக்கறதாலதான் நிறுத்தச் சொல்றேன்! நான் சரியாப் பாக்கல, கொடியை வெலக்கிப் பாக்காமச் சுழி போட்டுட்டேன். உள்ள முள்கம்பி இருக்கு, மாப்ளே. நிறுத்திட்டுத் தள்ளி வாங்க."

யாரையோ பார்த்து அவன் கத்துவது கேட்டது, சுவிட்ச் விழுகிற சத்தம் கேட்டது. ஆனால் பெரிய சக்கரம், மின்சாரத்தை நிறுத்தினாலும் உடனே நிற்காது, தன் வேகத்தில் சுற்றித்தான் ஓயும். இரைச்சல் மெல்ல மெல்லச் சுதி இறங்கிற்று, முனகலாயிற்று, கரகரத்தது, நின்றது. நடக்கிற சத்தம். ஏதோ ஒரு பெட்டியைத் திறக்கிற சத்தம். டிடெக்டரைத்தான் எடுக்கிறான். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை, ஒருவேளை கம்பி இல்லையோ, வீணாக ஊரைக் கூட்டிவிட்டோமோ, இல்லாமல் போனால்கூடப் பரவாயில்லை, சிரிக்கட்டும், மில்லே சிரிக்கட்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது போனுக்குள் கீச்சென்று கத்தியது. கொஞ்சம் தள்ளி மறுபடி கத்தியது.

"இருக்கு மாமா" என்றான் மாதேஷ். இப்போதுதான் அவன் குரல் கம்மியது. "ரம்பத்துக்கு ஒரு முழம் முன்னால இருக்கு."

சென்னப்பனுக்கு என்னென்னவோ சொல்லவேண்டும்போல் இருந்தது, எல்லாமே அந்தச் சாத்துக்குடிப் பை வந்த நாளுக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றன. "கை..." என்றார். "கையெல்லாம் நல்லாருக்கா, மாப்ளே?"

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், அது கலாவா அவனா என்று தெரியவில்லை.

"நல்லாருக்கு மாமா" என்றான். "ஒம்பதும் பத்திரமா இருக்கு."